இருவினையொப்பும் சுருள்வில்லும்

இன்பமும் துன்பமும் மாறிமாறித் தாக்கும் வாழ்வில் உயிர் நிலைகுலையாமல் நிற்பதற்குத் தன்னை இறுக்கிக்கொள்ள வேண்டுமா, இளக்கிக்கொள்ள வேண்டுமா என்பது தமிழ்நாட்டுச் சமயங்கள் நெடுங்காலம் எண்ணிப்பார்த்த வினா. சைவ சித்தாந்தம் அந்த நிலைக்கு ‘இருவினையொப்பு’ என்று பெயரிட்டது; நல்வினையின் பயனாக வரும் இன்பத்தில் விருப்பும், தீவினையின் பயனாக வரும் துன்பத்தில் வெறுப்பும் கொள்ளாமல், இரண்டையும் ஒன்றுபோல் ஏற்கும் அறிவின் பக்குவமே அது. இரு வினைகளும் தராசுத் தட்டுகளைப்போல அளவில் ஒத்து நிற்பதே ஒப்பு என்று பொருள் கொண்டவர்களும் உண்டு. ஆயினும் 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான போதம் என்னும் சித்தாந்த நூலுக்கு மாபாடியம் என்னும் விரிவுரை வரைந்த சிவஞான முனிவர், அவ்வொப்பு நிகழும் இடம் வினையன்று, வினையை நுகரும் உயிரின் அறிவே என்று கொண்டார். அந்த விளக்கமே ஏற்கத்தக்கது. ஆனால் அதை ஏற்றவர்களிடையேயும், எது வந்தாலும் அசையாத கல்லைப்போல் ஆகிவிடுவதே ஒப்பு என்னும் எண்ணம் பரவியிருக்கிறது. அது பிழை என்பதற்கு, சாத்திரத்துக்குத் தொலைவானதாகத் தோன்றும் ஒரு பொருள், மலைச்சாலையில் ஏறும் காரின் சுருள்வில், மிகப் பொருத்தமான சான்றாக அமைகிறது.

காரின் உடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரண்டு உறுப்புகள் வேலை செய்கின்றன. ஒன்று பட்டறைகளில் ஸ்பிரிங் எனப்படும் சுருள்வில். மற்றொன்று ஷாக் அப்சர்பர், சுருக்கமாக ஷாக். ஸ்பிரிங் சாலையின் அடியை வாங்கி அமுங்குகிறது. அமுங்கிய அளவுக்கு ஏற்ப அது திருப்பித் தள்ளும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். ஷாக்கினுள் எண்ணெய் நிறைந்த குழாயில் ஒரு பிஸ்டன் நகர்கிறது. அதன் சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்குண்டு செல்லும்போது அடியின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. வாங்கியதைச் சேமித்துத் திருப்பிக் கொடுப்பது ஸ்பிரிங்; அதைச் செரித்து முடிப்பது ஷாக். இரண்டையும் ஒரே தண்டில் அமைத்து, மரை வெட்டிய உடலில் வளையத்தைத் திருகி உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழிசெய்த உறுப்புக்குக் காயில்ஓவர் என்று பெயர். நிறுவனம் பொருத்தித் தந்த ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு வெளிச்சந்தையில் வாங்கிய காயில்ஓவரைப் பொருத்துவோர், கார் தாழ்வாக நிற்க வேண்டும், வளைவில் சாயாமல் திரும்ப வேண்டும் என்னும் விருப்பத்தினாலேயே அதைச் செய்கின்றனர்.

சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் அத்தகைய கார் குறையில்லாதது போலவே ஓடும். அதே கார் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வந்து, கோமுகி அணைப்பக்கத்தை விட்டு, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையை நோக்கிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் குறை வெளிப்படுகிறது. சிறு பள்ளமும் முதுகெலும்பில் அறைகிறது; ஒரு மேட்டைத் தாண்டிய பின்னும் கார் மூன்று நான்கு முறை துள்ளிய பிறகே அடங்குகிறது. அறைதலும் துள்ளலும் ஒரே நோயின் இரு பெயர்கள் அல்ல, அவற்றின் காரணங்கள் வேறு என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

ஒரு சக்கரத்தின் மீது 250 கிலோ எடை இருப்பதாகவும், ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ எடை வேண்டியிருப்பதாகவும் கொண்டால், கார் தன் எடையால் மட்டும் 125 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கும்; அசைத்துவிட்டால் நொடிக்கு ஏறத்தாழ 1.4 முறை ஏறி இறங்கும். மில்லிமீட்டருக்கு 8 கிலோ வேண்டிய ஸ்பிரிங்கை அதே இடத்தில் பொருத்தினால் அமுக்கம் 31 மில்லிமீட்டராகக் குறைந்து, அசைவு நொடிக்கு 2.8 முறையாக இரட்டிக்கும். செங்குத்தான அதிர்வில் நொடிக்கு 4 முதல் 8 முறை வருவதே அமர்ந்திருக்கும் மனித உடலை மிகவும் வருத்துவது. ஸ்பிரிங் கடினமாகக் கடினமாகக் கார் அந்த எல்லையை நோக்கி நகர்கிறது. ஸ்பிரிங் நான்கு மடங்கு கடினமானால், பழைய அளவுக்கு அசைவை அடக்க ஷாக்கின் தடுப்பு இரண்டு மடங்காக வேண்டும். அது கூடாதபோது துள்ளல் பிறக்கிறது.

சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுத்ததை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பல பிறவிகளில் ஈட்டிச் சேர்த்துவைத்தது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென்று வந்தது பிராரத்தம். அதை நுகரும்போதே விருப்பு வெறுப்பினால் புதிதாக ஈட்டிக்கொள்வது ஆகாமியம். சாலையின் பள்ளம் பிராரத்தத்தைப் போன்றது. அதில் இறங்காமல் எந்தச் சக்கரமும் மலையேறிவிட முடியாது. ஆனால் பள்ளம் பின்னே போய்விட்ட பிறகும் நிகழும் துள்ளலுக்குச் சாலையில் காரணம் இல்லை. அது கார் தன்னுள்ளே வைத்துக்கொண்ட ஆற்றலின் வேலை. ஒருவர் சொன்ன சுடுசொல் கணப்பொழுதில் முடிந்துவிட, கேட்டவர் அதைப் பத்து ஆண்டுகள் மனத்துக்குள் ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு முறையும் புதிய சினத்தை ஈட்டிக்கொள்வதும் இத்தகையதே. இந்த நோய்க்குத் தன்னை இறுக்கிக்கொள்வது மருந்தாகாது. கடினமான ஸ்பிரிங் அடியைச் செரிப்பதில்லை. திருப்பியடிக்கும் விரைவைத்தான் கூட்டுகிறது.

இந்த உண்மைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே ஓர் இலக்கியச் சான்று உண்டு. 2019-இல் இம்மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்த திருக்கோயிலூரே, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் ஆண்டதாகக் கூறப்படும் திருக்கோவலூர். போரில் அவரை வெல்ல மாட்டாத முத்தநாதன் திருநீறு பூசி, சுவடிக்குள் கத்தியை மறைத்து, ஆகமம் உரைக்க வந்தவனாக நுழைந்து அவரைக் குத்தினான். காவலனாகிய தத்தன் வாளை ஓங்கியபோது மன்னர் தடுத்து, முத்தநாதனைத் தீங்கின்றி ஊரெல்லை கடத்திவிடப் பணித்தார்; தத்தன் திரும்பி வந்து அவ்வாறே செய்ததைச் சொல்லும்வரை உயிரைத் தாங்கியிருந்தார். இந்த வரலாற்றை மன்னரின் மனவுறுதிக்குச் சான்றாக மட்டும் காட்டுவோர் அதன் பாதியைத் தவறவிடுகின்றனர். கல்லாய்ப் போனவர் தத்தன் திரும்பும் வழியைப் பார்த்துக் காத்திருக்க மாட்டார். கத்தியின் அடி அவருள் முழுமையாக இறங்கியது, அங்கேயே முடிந்தது, ஒரு கொலைக்கட்டளையாக அது வெளியே திரும்பவில்லை. பிராரத்தம் நுகரப்பட்டது, ஆகாமியம் பிறக்கவில்லை. ஒப்பு என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருள் விளக்கம் வேறில்லை என்றே கொள்ளலாம்.

இனி, ஷாக்கை முழுவதும் இறுக்கிவிட்டால் துள்ளல் நின்றுவிடுமே என்று கருதலாம். நிற்கும், ஆனால் வேறொரு துன்பம் தொடங்கும். அளவுக்கு மீறி இறுக்கிய ஷாக், அமுங்கிய சக்கரத்தை அடுத்த பள்ளம் வருவதற்குள் மீளவிடுவதில்லை; தொடர்ந்து குழிகள் வரும் சாலையில் கார் படிப்படியாகத் தாழ்ந்து, இறுதியில் பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர் கட்டையின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. அசைவை முற்றிலும் மீளாமல் அடக்குவதற்கு வேண்டிய தடுப்பில் ஐந்தில் ஒன்று முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரையே சாதாரணக் கார்களுக்குப் போதுமென வடிவமைப்போர் கொள்வது இதனால்தான். நல்ல கார் சிறிது அசையவே செய்யும். மேலும், ஷாக் விழுங்கிய வெப்பம் வெளிக்காற்றுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் எண்ணெய் சூடேறி ஷாக் தளர்ந்துவிடும். துன்பத்தை வெளிக்காட்டாமல் விழுங்கிக்கொண்டே இருப்பவரின் நிலையும் இதுதான். அடக்குவது வேறு, செரிப்பது வேறு. சிவஞான போதத்தின் பத்தாம் சூத்திரம், இறைபணியில் நிற்கும் உயிரை மலமும் மாயையும் வினையும் பற்றா என்று கூறுவதை இவ்விடத்தில் வைத்துப் பார்த்தால், உயிருக்கு அந்த வெளிக்காற்று எது என்பது விளங்கும்.

பழுதைத் தேடும் முறையிலும் கற்கத்தக்கவை உள்ளன. சான்றை மூன்று அளவைகளால் காண்பது இந்நாட்டு வழக்கம்: கண்டறியும் காட்சி, கண்டதிலிருந்து உய்த்துணரும் கருதல், அறிந்தோர் உரை. முதலில் செய்ய வேண்டியது மிக எளிது, டயரின் காற்றழுத்தத்தைப் பார்ப்பது. அடுத்து, சக்கரம் தரையில் நிற்கும்போது ஷாக்கின் தண்டு எவ்வளவு வெளியே தெரிகிறது, பம்ப் ஸ்டாப்புக்கும் ஷாக்கின் உடலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதைக் காண வேண்டும். அறைதலுக்கு மற்றொரு பொதுவான காரணம், காரை அளவுக்கு மீறித் தாழ்த்தி அந்த இடைவெளியை இல்லாமல் ஆக்கியதே. பிறகு பிரீலோடு, அதாவது எடை ஏறுவதற்கு முன்பே வளையத்தால் ஸ்பிரிங்கை நெருக்கி வைக்கும் அளவு. ஸ்பிரிங் ஆடாமல் அமர்வதற்கு வேண்டியதே போதுமானது. கீழ்த் தாங்கியும் திருகக்கூடிய வகையானால் உயரத்தை அதனால் மாற்ற வேண்டுமேயன்றி ஸ்பிரிங்கை நெருக்கி மாற்றுதல் கூடாது. ஷாக்கின் திருகை இரு பக்கமும் ஒரே எண்ணிக்கைக் கிளிக்கில் வைத்து, ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, அதே சாலைத் துண்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றியவருக்கு எது குணப்படுத்தியது என்பது தெரியாது.

பலரும் காணத் தவறும் ஒரு பழுது தனியே சொல்லத்தக்கது. சக்கரத்தைத் தாங்கும் கைகள் உடலோடு சேரும் இடங்களில் ரப்பர் புஷ்கள் உள்ளன. கார் ஜாக்கியின் மேல், சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே அவற்றின் போல்ட்டுகளை இறுக்கிவிட்டால், ரப்பர் அந்தத் தொங்கு நிலையையே தன் இயல்பாகப் பிடித்துக்கொள்கிறது. தரையில் இறக்கியபின் ஒவ்வொரு கணமும் முறுக்குண்டு, இல்லாத அந்த நிலைக்குத் திரும்பவே இழுக்கிறது. போல்ட்டுகளைத் தளர்த்தி, காரின் எடை சக்கரங்களின் மேல் நிற்கும் நிலையில் மீண்டும் இறுக்குவதே மருந்து. வாழ்வின் பாரம் ஏறாத நேரத்தில், ஒரு சொற்பொழிவின் வேகத்திலோ ஒரு யாத்திரையின் கிளர்ச்சியிலோ மேற்கொண்ட கடுவிரதங்கள் வீட்டுக்குத் திரும்பியபின் உள்ளத்தை முறுக்கி வருத்துவதைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

பழுதுகள் அனைத்தும் நீங்கிய பிறகும் கடுமை நிற்குமானால், உறுப்பில் குறையில்லை, பொருத்தத்தில்தான் குறை என்பது தெளிவாகிறது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தளத்தின் சமனான பரப்பில் பொன்னாக மதிக்கத்தக்க ஸ்பிரிங், வெள்ளிமலைச் சாலையில் தண்டனையாகிறது. பந்தயக்காரரின் பயிற்சி பந்தயக்காரருக்கு உரியது. சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகளை வகுத்து, இறைவனின் அருள் உயிரில் பதியும் சத்திநிபாதத்தையும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நான்காகக் கண்டது, எல்லா உயிர்க்கும் ஒரே நோன்பு ஆகாது என்பதனாலேயே. பிறருடைய துறவைக் கண்டு வியந்து அதை அப்படியே தமக்குப் பொருத்திக்கொள்வோர், துறவையும் பெறாமல் இல்லறத்தின் இனிமையையும் இழக்கின்றனர்.

ஒப்பின் இந்தப் பொருளைக் கண்டவர்கள் சைவர் மட்டும் அல்லர். கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே உளுந்தூர்பேட்டைக்கு அருகிலுள்ள திருநறுங்கொண்டை மலைமேல், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரராகிய பார்சுவநாதரைச் சமணர் அப்பாண்டைநாதர் என்று வழிபடுகின்றனர். தவத்தில் நின்ற அவர்மேல் கமடன் பகையால் மழையையும் பாறைகளையும் பொழிந்தான் என்றும், நாகராசனாகிய தரணேந்திரன் படம் விரித்துக் காத்தான் என்றும், இருவரிடத்தும் அவர் உள்ளம் ஒன்றாகவே இருந்தது என்றும் சமணர் கூறுவர். வினை உயிரில் ஒட்டுவது சினம், செருக்கு, வஞ்சம், பற்று என்னும் கஷாயங்களாகிய பசையினால்தான். அப்பசை இல்லாத இடத்தில் வினை வந்த கணமே உதிர்ந்துவிடும் என்பது அவர்கள் கோட்பாடு. இறைவனைப் பற்றிச் சைவரோடு முற்றிலும் மாறுபட்டவர்கள் இந்த ஓரிடத்தில் ஒன்றுபட்டது மதிக்கத்தக்கது.

ஆயினும் உவமைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை மறந்தால் கொடுமை நேரும். ஒப்பு என்பது ஒருவர் தம்மேல் விழும் அடியைத் தாம் ஏற்கும் முறை. பிறர் ஓட வேண்டிய சாலையைப் பழுதாகவே விட்டுவைப்பதற்கு அது நியாயமாகாது. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகீர்தார்களின் கீழ் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். அவர்களிடம் சென்று பிராரத்தத்தைப் பொறுமையாக நுகருங்கள் என்று சொல்வது சித்தாந்தம் அன்று. 2024-இல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்ட பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு, சாலை முதலிய அடிப்படை வசதிகளைப் பற்றி அரசைக் கேட்டது. நோயுற்றவரைத் தூக்கிச் செல்லும் வண்டிக்கு எந்த ஸ்பிரிங்கும் சாலைக்கு ஈடாகாது. பொறுத்தலுக்குத் தமிழ்ச் சைவம் முதலில் காட்டுவது திருநாவுக்கரசரை. நீற்றறையில் ஏழு நாள் இருந்தவர், கல்லோடு கட்டிக் கடலில் இடப்பட்டவர். அவர் கையில் எப்போதும் இருந்தது கோயில் வழிகளில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கும் உழவாரப்படை. இன்றும் சிவன் கோயில்களில் அவருடைய திருமேனி அதை ஏந்தியே நிற்கிறது.