மரத்தின் சம்மதம்

காட்டிலே தானாய் முளைத்து, பனியிலும் காற்றிலும் அடிபட்டு, மனிதன் கைபடாமல் நூறாண்டோ இருநூறாண்டோ நின்ற ஒரு விருட்சத்தை வேரோடு பெயர்த்தெடுத்து, தட்டிலே வைத்து, கம்பி சுற்றி, வெட்டிச் செதுக்கி, ஒரு மலையுச்சியின் தோற்றத்தை முழ உயரத்துக்குள் கொண்டுவந்து காட்டும் போன்சாய்க் கலை தர்மத்துக்கு உடன்பட்டதுதானா என்ற கேள்வி, முதற்பார்வைக்கு, வேறு வேலையில்லாதவர்களின் ஆராய்ச்சியாகத் தோன்றலாம். ஆனால் புல்லையும் மரத்தையும் உயிர்வரிசையில் சேர்த்து எண்ணிய இலக்கணத்தை உடைய நமக்கு அது அயலான கேள்வியன்று.

காட்டிலிருந்து கொணரும் மரத்தை ஜப்பானியர் யமதோரி என்பர். அவ்வாறு கொணரப்படும் மரங்களுள் யூ மரத்துக்குத் தனி மதிப்புண்டு. ஊசியிலை மரங்களிற் பெரும்பாலானவை, இலையற்ற பழங்கிளை வரை வெட்டப்பட்டால் மீண்டும் தளிர்ப்பதில்லை. யூ மரமோ முதிர்ந்த அடிமரத்திலிருந்தும் புதுத் துளிர் விடும். அதன் வைரம் செம்மை கலந்த பழுப்பு நிறமும், எளிதில் உளுத்துப்போகாத உறுதியும் உடையது. ஆகவே உடலின் பெரும்பகுதி பட்டுப்போன பின்னும், உயிருள்ள பட்டை ஒரு கீற்றாக மேலேறி உச்சிப் பசுமையைத் தாங்கி நிற்கும். ஸ்காட்லாந்தின் ஃபோர்டிங்கால் என்ற ஊரில், மாதா கோயில் முற்றத்தில் நிற்கும் யூ மரம் ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்தது என்று மதிப்பிடுவோர் உளர். நம் தலவிருட்சங்களைப் போல அதையும் வழிபாட்டிடத்தின் பகுதியாகவே அந்நாட்டார் பேணுகின்றனர். பெயர்த்தெடுத்த மரத்தின் தடித்த வேர்களைக் குறைத்து, மெல்லிய வேர்களைக் காத்து, நீர் தேங்காத பருமணல் நிரம்பிய பெட்டியில் வைத்த பின், கைதேர்ந்தவர் இரண்டு மூன்று ஆண்டுகள் அதனை வெட்டாமலும் வளைக்காமலும் விட்டுவைப்பர். மரம் தேறிவிட்டது என்பது தளிர்களால் தெரிந்த பிறகே உளியும் கம்பியும் வரும். பட்ட பகுதியைச் செதுக்கி, சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சிய நீரைப் பூசினால், அது வெளுத்து எலும்பின் நிறம் கொள்ளும்.

இம்மரத்தின் இமயமலை இனம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. நாட்டு மருந்துக் கடையில் தாளிசபத்திரி என்று கேட்டால் கிடைக்கும் சருகில், வேறோர் இமயமலை மரத்தின் இலையோடு யூ மரத்தின் இலையும் இடம்பெறுவதுண்டு. அமெரிக்க யூ மரத்தின் பட்டையிலிருந்து பிரித்தெடுத்த டாக்ஸால் என்னும் மருந்து 1992-இல் சூலகப் புற்றுநோய்க்கு அந்நாட்டில் அங்கீகரிக்கப்பட்டது. அம்மருந்தின் தேவை பெருகியபோது இமயச் சாரலின் மரங்களும் இலையும் பட்டையும் உரிக்கப்பட்டுச் சீரழிந்தன. 1995-இல் அவற்றின் சர்வதேச வியாபாரம் சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. நோயாளியின் உயிர் காக்க மரத்தின் உயிர் போயிற்று என்று ஒருவாறு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கண்ணுக்கு இனிமை தேடி அதே மரத்தைப் பெயர்த்தவன் எதைச் சொல்லிச் சமாதானம் அடைவான்?

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால் ஆறாக வகுத்து, புல்லுக்கும் மரத்துக்கும் உரிய ஓர் அறிவு உற்றறிதல், அதாவது தொடுவுணர்ச்சி, என்கிறது. தொடர்ந்து தொடப்படும் செடி உயரம் குறைந்து தண்டு பருக்கிறது என்பதை மார்க் ஜாஃபி என்ற தாவரவியலார் 1973-இல் பரிசோதனையால் காட்டினார். காரைக்காலை அடுத்த கிளிஞ்சல்மேட்டில் இதற்குப் பரிசோதனைச்சாலை வேண்டியதில்லை. கடற்காற்றும் உப்புத் துளியும் இடைவிடாது தொட்ட பூவரசும் சவுக்கும், அலைக்கு முகங்கொடுத்த பக்கம் இலை கருகி, நிலத்தை நோக்கிச் சாய்ந்து, உயரம் குறைந்து நிற்பதைக் கடலுக்குப் போவோர் தினந்தோறும் காண்கின்றனர். ஆகவே மரத்தைக் குறுக்குவது மட்டுமே பாதகம் என்று சொல்ல முடியாது. ஆனால் காற்றுக்குச் சங்கல்பம் இல்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் ஊருக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோன கரை அது; அங்குள்ளோர் அழுதார்கள், ஆயினும் கடலின்மேல் யாரும் வழக்குரைக்கவில்லை. தானே கர்த்தா என்ற எண்ணத்தோடு செய்பவனையே வினை பற்றும் என்று நம் சமயங்கள் கூறும்போது, காற்றின் பின்னே ஒளிந்துகொண்டு மனிதன் தப்ப இயலாது. அன்றியும், கம்பி வருத்துவது மரத்துக்கு உள்ள ஒரே புலனை. ஐம்புலன் உடையவன் ஒரு புலனில் வருத்தம் நேர்ந்தால் மற்ற நான்கில் ஆறுதல் தேடலாம். மரத்துக்கு அந்தப் போக்கிடமும் இல்லை.

ஆளவி என்ற ஊரில் பிக்ஷுக்கள் கட்டட வேலைக்காக மரம் வெட்டியபோது, ஓரறிவுயிரைத் துன்புறுத்துகின்றனரே என்று ஜனங்கள் குறைகூறினர் என்றும், அதன்பேரில் தாவரங்களை அழிப்பது பிக்ஷுக்களுக்குக் குற்றமென விதிக்கப்பட்டது என்றும் பௌத்த விநய பிடகம் கூறுகிறது. கிளிஞ்சல்மேட்டுக்குத் தெற்கே, நாகப்பட்டினத்தில், ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னனால் எழுப்பப்பட்ட சூடாமணி விகாரத்திலும் அவ்விதி ஓதப்பட்டிருக்கும். அதே தர்மம் ஜப்பானுக்குச் சென்றபின் அங்குள்ள மடங்களின் சூழலில் தட்டு மரம் மதிப்புப் பெற்றதை முரண்பாடு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரே மரத்தின்முன் நாள்தோறும் அமர்ந்து, அதன் தேவையறிந்து பணி செய்வதும் தியானமே. ஆனால் அந்தத் தியானத்தின் பலன் மனிதனுக்கு உரியது. மரம் பெற்றது என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இதற்கு விடையாக, வற்றி முறுகிய மரத்தைத் தபஸ்வி என்று வர்ணிப்பார் சிலர். காரைக்கால் மண்ணில் நின்று கேட்பவருக்கு இந்த வாதம் செல்லாது. பரமதத்தன் என்ற வணிகனின் மனைவியாய் இவ்வூரில் வாழ்ந்த புனிதவதி, கணவன் தன்னைத் தெய்வமென்று அஞ்சிப் பிரிந்து, பாண்டி நாட்டில் வேறு மணம் செய்து, பின்னர் தன் காலிலேயே விழுந்து வணங்கியதைக் கண்டபோது, அவனுக்காகத் தாங்கியிருந்த தசைப் பொதியை உதறி எலும்புருவாகிய பேய்வடிவை இறைவனிடம் வேண்டிப் பெற்றதாகச் சேக்கிழார் பாடினார். கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறிய அந்தக் காரைக்காலம்மையாரின் செப்புத் திருமேனியில் விலா எலும்புகளை எண்ணலாம். ஆனிப் பௌர்ணமியில் மாங்கனி இறைத்து ஊரார் வணங்குவது அவரைத்தான். அந்த வற்றல் அவர் கேட்டுப் பெற்ற வரம். வேறொருவர் அவரைப் பட்டினியிட்டு அவ்வடிவுக்குக் கொண்டுவந்திருப்பின், எலும்பு அதே எலும்பாக இருந்திருக்கும். செயலின் பெயரோ கொடுமை. பேதம் சம்மதம் ஒன்றில்தான் இருக்கிறது. மரத்தின் சம்மதத்தைக் கேட்டறியும் வழி நமக்கு இல்லையாகையால், நாம் பெயர்த்த மரத்தின் வற்றலைத் தவம் என்று போற்றுவது, நம் செயலுக்கு மரத்தின் பெயரால் நாமே நற்சான்று எழுதிக்கொள்வதாகும்.

அப்படியாயின் இக்கலையே ஆகாது என்ற முடிவுக்கு நான் வரவில்லை. வராததற்குக் காரணம் அப்பர் பெருமான். உழவாரப்படையைக் கையிலேந்தி, கோயில் முற்றங்களில் முளைத்த புல்லையும் செடியையும் செதுக்கியவர் அவர். அவர்வழி நின்று இன்றும் அன்பர்கள் ஊர்தோறும் உழவாரப்பணி செய்கின்றனர். கோபுரத்தின் சுதைக்கும் கல்லுக்கும் இடையே பறவை எச்சத்தில் வந்த ஆலும் அரசும் முளைத்து, வேர் பருத்துக் கல்லைப் பிளக்கின்றன. மேலே வெட்டினால் மீண்டும் துளிர்ப்பதால் வேரில் மருந்திட்டுக் கொல்வதும் உண்டு. மேடையிலே நின்றால் வலம்வரும் அரசமரத்தையே சுவரிலே நின்றால் அழிக்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டுக்கு உரிய யமதோரி இந்தச் செடிகளே: மண்ணின்றிப் பழஞ்சுண்ணாம்பில் வேரோடிக் குறுகி வளர்ந்தவை, ஈரமான பருவத்தில் பெயர்த்து வைத்தால் யூ மரத்தைக் காட்டிலும் விரைவாய்த் தேறுபவை. சாவு நிச்சயமான உயிரை எடுத்து வாழவைப்பவன் சம்மதம் கேளாமல் செய்தாலும் அநுக்கிரகமே செய்கிறான். அலையில் மூழ்குபவனைக் கட்டுமரத்தில் இழுத்துப் போடும் மீனவன் அவன் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. இங்கிலாந்தில் தோண்டி எறியப்படும் பழைய வேலிகளிலிருந்து யூ மரத்தை மீட்பவருக்கும் இந்நியாயம் பொருந்தும். செங்குத்துப் பாறையில் தன் பாட்டில் நிற்கும் மரத்தைப் பெயர்ப்பவருக்குப் பொருந்தாது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கரைகளில் தட்டு மர வியாபாரத்துக்காகப் பெரிதும் பெயர்க்கப்பட்ட பெம்பிஸ் என்ற குறுமரம் மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் உண்டு. 1986 முதல் தேசியப் பூங்காவாக உள்ள அத்தீவுகளில் அதனைத் தொடாதிருப்பதே தர்மம்.

எடுத்தவனுடைய கடன் எடுத்ததோடு தீர்வதில்லை. தட்டிலுள்ள மரம் நீரைத் தேடி வேரோட்ட முடியாது. சித்திரை வெயிலில் ஒருநாள் மறதியையும் அது பொறாது. கம்பி பட்டையில் புதையுமுன் அவிழ்க்க வேண்டும். வேர் நெருங்கியபோது மண் மாற்ற வேண்டும். ஆலும் அரசும் மனித ஆயுளைக் கடந்து வாழ்பவை. எனவே எடுத்தவன் தன் சந்ததியையும் கேளாமலே அந்தப் பணியில் கட்டுகிறான். அவர்கள் விரும்பாராயின், தன் காலத்திலேயே ஒரு குளக்கரையில் அதனை நிலத்தில் இறக்கிவிடக் கடமைப்பட்டவன். இறங்கிய மரம் சில பருவங்களில் குறுகிய வடிவத்தை விட்டு உயரத் தொடங்கும். கலைஞனின் உழைப்பு அத்தனையும் அப்போது மறையும். அதற்கு உடன்படுபவனுக்கே சுவரிலிருந்து செடியை எடுக்கும் உரிமை உண்டென்பேன். காரைக்கால் கரையில் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. அதற்குமுன் வெயில் தணியாத நாளில் பெயர்த்தால் வேர் காய்ந்துவிடும். ஆகையால் உழவாரப்பணிக் குழுவினர் செடி அகற்றும் நாளைக் குறிக்கும்போது இதனையும் எண்ணிப் பார்த்தால், கோபுரமும் பிழைக்கும், செடியும் பிழைக்கும்.