இயந்திரம் மாறின் உண்மை மாறுமோ?

ஒரு கணக்குக்கு ஒரு விடையே உண்டு என்பது பாடசாலைப் பருவத்திலேயே மாணவன் மனத்திற் பதியும் நம்பிக்கையாகும். மீக்கணனிகளின் வரலாறு இந்நம்பிக்கையைச் சோதனைக்குள்ளாக்கியுள்ளது.

ஐக்கிய அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தில் 2012ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய 'ரைற்றன்' மீக்கணனி 18,688 கணுக்களைக் கொண்டிருந்தது. ஒவ்வொரு கணுவிலும் வழமையான செயலியோடு, படங்களை வரைவதற்கென முதலில் ஆக்கப்பட்ட வகையைச் சேர்ந்த செயலியொன்றும் இணைக்கப்பட்டிருந்தது. கணிப்பு வலுவின் பெரும்பகுதி பின்னையதிடமே இருந்தது. எண்ணற்ற சிறு கணிப்புகளை ஒருங்கே செய்வது அதன் இயல்பு. ஆகவே, பழைய செய்நிரல்களை அப்படியே கொண்டுசென்று இயக்குவதாற் பயன் சிறிதே; அவற்றின் உள்ளமைப்பையே மாற்றவேண்டியிருந்தது. பணிகள் பங்கிடப்பட, எண்கள் கூட்டப்படும் ஒழுங்கும் மாறியது.

ஒழுங்கு மாறினால் என்ன என்று கேட்கலாம். நான்கு இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும் கணனியொன்றைக் கருதுக. 5000 உடன் 0.4ஐ ஒன்றன்பின் ஒன்றாக இருமுறை கூட்டினால், ஒவ்வொரு முறையும் பின்னம் கைவிடப்பட்டு 5000 எஞ்சும். இரண்டு 0.4களையும் முதலிற் கூட்டிப் பின்னர் 5000 உடன் சேர்த்தால் 5001 கிடைக்கும். கூடுதலான இலக்கங்களைக் கையாளும் மீக்கணனிக்கும் இவ்வெல்லை உண்டு. 1961இல் எட்வேட் லொறன்ஸ் தம் வானிலைக் கணிப்பில் 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506ஐ இட்டபோது, சிறிது காலத்துள் முற்றிலும் வேறான வானிலையே வெளிப்பட்டது. இத்தகைய கணிப்புகளிற் சிறு வேறுபாடு சிறிதாகவே நின்றுவிடுவதில்லை.

எனவே புதிய இயந்திரம் பழையதிலிருந்து வேறுபட்ட விடையைத் தரும்போது, எதை ஏற்பது? பழைய விடையோடு இலக்கத்துக்கு இலக்கம் பொருந்தவேண்டும் என வற்புறுத்துவோர், பழைய இயந்திரத்தின் பழக்கத்தை உண்மையென மயங்குகின்றனர். அதுவும் பின்னங்களைக் கைவிட்டே அவ்விடையை அடைந்தது. வேறுபாடெல்லாம் இலக்கங் குறைத்தலின் விளைவே என அமைதி காண்போரோ, செய்நிரலை மாற்றும்போது தாம் இழைத்த பிழைக்கும் அப்பெயரால் மறைவிடம் அளித்துவிடுகின்றனர். முன்னையது மூடபக்தி, பின்னையது நேர்மையீனம்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியொன்று உண்டு. காலநிலை ஆய்வாளர், தொடக்க நிலையில் மிகச்சிறு மாற்றங்களைச் செய்து பழைய இயந்திரத்திற் பலமுறை கணித்து, விடைகள் பரந்து நிற்கும் எல்லையை அறிவர். புதிய விடைகள் அவ்வெல்லைக்குள் அமைகின்றனவா எனப் பின்னர் நோக்குவர். திணிவும் சக்தியும் காக்கப்படுகின்றனவா என்றும் சோதிக்கலாம். எனினும், எவ்வளவு வேறுபாட்டைப் பொறுக்கலாம் என்ற தீர்ப்பை எந்த இயந்திரமும் வழங்காது. அதனை வழங்குபவன் மனிதன். புயல் எச்சரிக்கையை நம்பிக் கடலுக்குச் செல்லாதிருக்கும் மீனவன், அம்மனிதனின் தீர்ப்பையே நம்புகிறான். அவன் பெயரையோ அவன் செய்த சோதனையையோ மீனவன் அறியான்.

'கணனி கூறியது' என்னும் சொற்றொடர் பொறுப்பைத் துறப்பதற்கு எளிய வழியாகியுள்ளது. இயந்திரம் மாறும் வேளையில் இவ்வழி அடைபடுகிறது; இரு கணனிகள் இரு விதமாகக் கூறுகையில், எதனை நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என ஆய்வாளன் வாய்திறந்து சொல்லவேண்டியுள்ளது. அவ்வினா ஒரே கணனி இருந்த காலத்திலும் இருந்ததே. கேட்பதற்குத்தான் எவரும் இருக்கவில்லை.