மனுச் செய்தவனின் குறைகள்

சகோதர வியாபாரிகளே! என் கடைச் சிப்பந்தி ஒருவர் அரிசி மூட்டை இறக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டார். சொக்சோவுக்கு மனுப் போயிற்று. அரை மனதோடுதான் கையொப்பமிட்டேன்.

அவர் திரும்பி வந்த வாரமே, நேரந் தவறுகிறார், விலைச்சீட்டில் பிழை விடுகிறார் என்று கண்டிக்கலானேன். கணக்கப்பிள்ளை மெல்லக் கேட்டார்: "முதலாளி, இவை மூன்று வருஷமாக உள்ள பிழைகளாயிற்றே?" என் நிய்யத்து என்னவென்று அப்போதுதான் எனக்கே விளங்கிற்று.

விபத்தை 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். உதவித்தொகை பெறும் காலத்தில் வேலைநீக்கம் கூடாது என்பது 1969-ஆம் வருஷத்துச் சட்டம். 2019 ஜனவரி முதல் ஊரிலிருந்து வந்து வேலை செய்வோரும் இதில் அடக்கம். அப்பணம் நம் கல்லாவிலிருந்து போவதுமல்ல; மாதந்தோறும் சந்தா கட்டுவதே இதற்குத்தானே! பின் ஏன் கோபம்?

ஆனால் மனு எவருக்கும் கேடயமாகாது. இடுப்பு வலியால் மூட்டை தூக்க இயலாவிட்டால் வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும். சீட்டுப் பிழையை மற்றச் சிப்பந்திகளிடம் எப்படிச் சொல்வோமோ அப்படியே, தேதி போட்டு எழுதிச் சொல்ல வேண்டும். மூன்று வருஷம் வாய் திறவாதிருந்தது என் தவறு. அதை அவரிடம் ஒப்புக்கொண்ட பிறகே சீட்டுகளை எடுத்துக் காட்டினேன்.

இப்போது அவர் உட்கார்ந்து பொட்டலம் கட்டுகிறார். சீட்டில் பிழை குறைந்திருக்கிறது. காலையில் மட்டும் இன்னும் பத்து நிமிஷம் தாமதந்தான்.