கசங்கிய நோட்டின் பக்கம்

பழைய நோட்டுச் சேகரிப்பில் விலையைத் தீர்மானிப்பது நோட்டின் நிலைதான். யார் கையிலும் புழங்காத, மடிப்பு விழாத நோட்டை ‘யுஎன்சி’ என்று சொல்லிப் போட்டி போட்டு வாங்குகிறார்கள். தரம் பார்த்துச் சான்று தரும் நிறுவனங்கள் 70 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. நடுவில் ஒரு மடிப்பு இருந்தால் போதும், விலை இறங்கிவிடும். ஒரு பொருள் தன் வேலையைச் செய்ததற்கான அடையாளத்தைக் குறை என்று எண்ணலாமா? நாம் எதைப் போற்றிப் பாதுகாக்கிறோம் என்பது நம் வாழ்வில் எதை மதிக்கிறோம் என்பதையும் காட்டிக்கொடுப்பதால், இந்தக் கேள்வி சேகரிப்பாளர்களோடு முடிந்துவிடுவதில்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் தொடக்ககால நோட்டுகளைப் பொறுத்தவரை, காப்பாற்ற வேண்டியது கசங்கிய நோட்டுதான் என்பேன்.

1861இல் காகித நாணயச் சட்டம் வருவதற்கு முன் வங்காள வங்கி, பம்பாய் வங்கி, 1843இல் தொடங்கிய சென்னை வங்கி ஆகியவை தத்தம் நோட்டுகளை வெளியிட்டு வந்தன. அந்த உரிமையைச் சட்டம் அரசின் கைக்கு மாற்றியது. விக்டோரியா ராணியின் முகத்தோடு, ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட நோட்டுகள் வந்தன. அவற்றின் காகிதம் இங்கிலாந்தின் லேவர்ஸ்டோக் ஆலையில் கையால் வார்த்தது. அச்சும் இங்கிலாந்தில்தான்; 1928இல் நாசிக் அச்சகம் நோட்டு அடிக்கத் தொடங்கும்வரை இந்திய நோட்டுகள் கப்பலில்தான் வந்து இறங்கின. புழக்கத்துக்கே வராத விக்டோரியா நோட்டு ஒன்றை ஒருவர் பெருந்தொகை கொடுத்து வாங்கினால், அதில் அவர் காண்பது பெரும்பாலும் இங்கிலாந்தின் கைவேலையைத்தான். இந்தியாவில் அந்தத் தாள் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்ல மடிப்பும் மையும் முத்திரையும் குண்டூசித் துளையும் வேண்டும்.

வெட்டுண்ட நோட்டுகளே இதற்குச் சிறந்த சான்று. அன்று பெருந்தொகையைத் தபாலில் அனுப்புவது ஆபத்தான காரியம். அதனால் நோட்டை இரண்டாக வெட்டி ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். அது சேர்ந்ததாகத் தகவல் வந்த பிறகே மறுபாதி கிளம்பும். வழியில் எவன் திருடினாலும் அவனிடம் சிக்குவது பயனற்ற ஒரு துண்டு. பார்த்தே இராத இரு வணிகர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு தூரம் நம்பினார்கள், தபாலை எவ்வளவு தூரம் சந்தேகித்தார்கள் என்பதை அந்த வெட்டுக்கோடு அளந்து காட்டுகிறது. அதோடு, நோட்டுகள் செல்லுபடியாகும் பகுதிகள் வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தன. சென்னை வட்டத்தில் வெளியான நோட்டைக் கல்கத்தாவில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் அன்று இல்லை. வேறு வட்டத்து முத்திரை விழுந்த நோட்டு எதுவானாலும், சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் யாரோ ஒருவர் அதை நம்பி வாங்கியதன் பதிவு. சந்தையோ இவற்றைச் சேதம் என்று எழுதிக் கழித்துவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நீரோட்டக்குறி, கையெழுத்து, எழுத்தமைப்பு இவற்றை ஆராயவும், கள்ளநோட்டைப் பிரித்தறியவும் சுத்தமான பிரதி வேண்டும் என்பார்கள். நியாயம்தான். விக்டோரியா உருவ வரிசையையே கள்ளநோட்டுத் தொல்லையால்தான் 1867இல் மாற்ற நேர்ந்தது. ஆனால் அந்தத் தேவைக்கு ஒவ்வொரு வகையிலும் சில பிரதிகள் போதும். மும்பையிலுள்ள ரிசர்வ் வங்கி அருங்காட்சியகம் போன்ற இடங்கள் அவற்றைக் காக்கும். ஒரே அச்சில் வந்த பத்தாவது சுத்தமான பிரதி ஆராய்ச்சிக்குப் புதிதாக எதையும் தராது. கசங்கிய பத்து நோட்டுகளோ பத்து வெவ்வேறு வழிகளில் போய் வந்தவை.

இன்னொரு மறுப்பு கனமானது. அந்நிய ஆட்சியின் கருவியைக் கொண்டாடலாமா? தொடக்கத்தில் மிகச் சிறிய நோட்டே 10 ரூபாய். வயலில் உழைத்தவர் கைக்கு அது வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே அந்தக் கசங்கல் எல்லா மக்களுடைய வரலாறும் ஆகிவிடாது. அது வணிகர்களும் கருவூலங்களும் விட்டுச்சென்ற தடம். இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும் என் வாதம் வலுப்படவே செய்கிறது. ஏனென்றால், சாதாரண மக்கள் கைக்குக் காகிதம் வந்த தருணத்தைக் காட்டுவதும் கசங்கிய நோட்டுதான். முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததும் 1917இல் ஒரு ரூபாய் நோட்டை இறக்கினார்கள். அடுத்த ஆண்டு இரண்டரை ரூபாய் நோட்டும் வந்தது. மக்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்கினார்கள், நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டார்கள். 1918இல் அமெரிக்கா 20 கோடி அவுன்ஸ் வெள்ளி கொடுத்துதான் நிலைமை சமாளிக்கப்பட்டது. ஆட்சியின் வாக்குறுதியை மக்கள் எப்படிச் சோதித்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி ஏது? அந்த ஒரு ரூபாய் நோட்டுகள் 25 தாள் கொண்ட புத்தகமாகவும் வந்தன. கிழித்தெடுத்த ஓரத்தோடு, அழுக்கேறிக் கிடைக்கும் ஒரு நோட்டை, புத்தகத்திலிருந்து பிரியாமலேயே இருக்கும் தாளைவிட நான் மேலாக மதிக்கிறேன்.

பழைய நோட்டு கையில் கிடைத்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விலை ஏறும் என்று அதைக் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், வேற்று எண்ணுள்ள பாதியை ஒட்டி முழுமையாக்காதீர்கள். எந்த ஊரில், எப்படிப்பட்ட குடும்பத்தின் பெட்டியில், எந்தக் கணக்கேட்டின் நடுவில் கிடைத்தது என்று விசாரித்து ஒரு தாளில் எழுதி, நோட்டோடு சேர்த்து வையுங்கள்.