நாள் குறித்த சாவு

மணிமங்கலம் இராஜகோபாலப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சாளுக்கிய மன்னன் ஆகவமல்லன் போருக்கு இடம் குறித்து ஓலை அனுப்பினான். சோழன் அங்கே போய், குறித்த நாள் கடந்த பிறகும் ஒரு மாதம் காத்திருந்தான். வரச் சொன்னவன் வராமல் ஒளிந்துகொண்டான் என்று அதன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. வராதவனைப் போல ஓர் உருவம் செய்து அதை இழிவுபடுத்தியதையும் பெருமையாகப் பதிவு செய்கிறது. கல்வெட்டின் காலம் 1067-ஐ ஒட்டியது. 1068-இல் அதே ஆகவமல்லன், குருவத்தி என்னும் இடத்தில் துங்கபத்திரை ஆற்றில் இறங்கி உயிர் விட்டான். பில்கணர் எழுதிய விக்கிரமாங்கதேவ சரிதம் என்ற வடமொழிக் காவியம் அவனைத் தீராத காய்ச்சலோடு, சிவனை நினைத்தபடி ஆற்றுக்குள் நடந்து போன அரசனாகக் காட்டுகிறது. குறித்த களத்துக்கு அவன் வராமல் போனதற்கும் நோயே காரணமாக இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதியதுண்டு.

ஒரே மனிதன் கல்லில் சாவுக்கு அஞ்சி ஓடியவன்; காவியத்தில் சாவைத் தேடிப் போனவன். மணிமங்கலத்துக்கு இப்படிப்பட்ட முதுகுகள் புதியவை அல்ல. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்று இந்த ஊர். அந்த வெற்றியைச் சொல்லும் கூரம் செப்பேடு, ஓடுகிற புலிகேசியின் முதுகில் வெற்றி என்ற எழுத்துகள் எழுதப்பட்டதாக நயம் பேசுகிறது. மறுபக்கம், 1054-இல் கொப்பத்துப் போரில் இறந்த முதலாம் இராசாதிராசன் பிற்காலக் கல்வெட்டுகளில் யானைமேல் துஞ்சின தேவர் ஆனான். களத்தில் இறந்தவனுக்குப் பட்டம், பிழைத்தவனுக்குப் பழி. இந்தக் கணக்கைப் போட்டவர்கள் எல்லாரும் உயிரோடிருந்தவர்கள். அடுத்த போருக்கு ஆள் சேர்க்க வேண்டியவர்கள். ஆகவே மெய்க்கீர்த்தியின் புகழைச் சாவின் அறத்துக்கு அளவுகோலாகக் கொள்ள முடியாது. வேறு அளவுகோல் தமிழ் இலக்கியத்திலேயே இருக்கிறது. அது மெய்க்கீர்த்தியைவிடப் பழையது.

புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் வடக்கிருந்து உயிர் விடுகிறான். மக்கள் இருவர் அவனுக்கு எதிராகப் படை திரட்ட, அவனும் போருக்குப் புறப்பட்டபோது புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர் தடுக்கிறார். அவருடைய வாதம் எளிது. வென்றால் நாட்டை யாருக்கு விட்டுப் போவாய்? தோற்றால் பழி உனக்குத்தானே? அரசன் போரை விட்டான். பிறகு உயிரையும் விட்டான். அவன் சாவில் மான உணர்வு இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் தந்தை மக்களைக் கொல்லும் போர் ஒன்று நடக்காமல் போனதும் உண்மை. அதுவரை முகம் பார்த்தறியாத நண்பர் பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து உரிய நேரத்தில் வந்து அவனோடு வடக்கிருந்தார். பள்ளிப் பாடநூல்கள் நட்புக்கு எடுத்துக்காட்டாக இதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

அறத்தைப் பேசுகிறவர்கள் நிற்க வேண்டிய இடம் பிசிராந்தையார் அல்ல, அரசனின் இன்னொரு நண்பரான புலவர் பொத்தியார். அவரும் அரசனோடு சாக வந்தார். அரசன் மறுத்தான். பொத்தியாரின் மனைவி கருவுற்றிருந்தாள். மகன் பிறந்த பிறகு வா என்று திருப்பி அனுப்பினான். பொத்தியார் சோழன் இல்லாத உறையூருக்குத் திரும்பிப் போய், மகன் பிறந்த பிறகு வந்து, நடுகல்லாகிவிட்ட அரசனிடம் இடம் கேட்டார் என்கின்றன பாடல்கள். தன் சாவை நிச்சயித்துக்கொண்ட ஒருவன் இன்னொருவன் சாவைத் தள்ளிவைக்கிறான். இன்னும் பிறக்காத உயிருக்கு அந்த மனிதன் கடன்பட்டிருக்கிறான் என்பதே காரணம். பிசிராந்தையார் வந்ததைவிட, பொத்தியார் திரும்பிப் போனதே இந்தப் பாடல்களின் ஆழமான செயல்.

கபிலரிடமும் இதே முறை. பாரி கொல்லப்பட்ட பின் உடனே சாக விரும்பியவர், நண்பனின் பெண்மக்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் மணம் பேசினார். இருவரும் மறுத்தார்கள். பெண்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்த பிறகே வடக்கிருந்தார் என்பது பாடல்களின் கொளு தரும் செய்தி. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டோ, பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டு அவர் தீப்புகுந்ததாகச் சொல்கிறது. சாவின் விதம் மாறினாலும் இரண்டு மரபுகளும் வரிசையை மாற்றவில்லை. முதலில் பெண்களுக்கு வழி, பிறகுதான் சாவு.

சமண மரபின் உண்ணா நோன்புக்கும் இப்படி ஒழுங்கும் அனுமதியும் உண்டு. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்ற முனிவர் 57 நாள் நோன்பிருந்து இறந்ததைப் பாறைக் கல்வெட்டு சொல்கிறது. 57 நாள் என்பது மனம் மாறுவதற்கும் போதுமான நாள். ஒரு கணத்துத் துயரத்தில் பறிபோகும் உயிரோடு இதைச் சேர்த்துப் பேசுவது பிழை. ஆனாலும் இன்றைய சட்டம் இதில் ஒரே முடிவுக்கு வந்துவிடவில்லை. 2015-இல் இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சல்லேகனை எனப்படும் இந்த நோன்பைத் தற்கொலையாகக் கருதித் தடை செய்தது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் நிறுத்திவைத்தது.

இருப்பவர்களுக்குப் பட்ட கடன் தீர்ந்ததா என்ற இந்த அளவுகோல், சாவைத் தேர்கிறவருக்கு வாழ்வும் ஒரு தேர்வாக இருந்தது என்று எடுத்துக்கொள்கிறது. கோப்பெருஞ்சோழனுக்கு இருந்தது. பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டுக்கு இருந்ததா? கணவன் ஈமத்தீயில் புகவிடாமல் தடுத்த சான்றோரைப் பார்த்து அவள் பேசும் பேச்சு புறநானூற்றில் இருக்கிறது. தீயை அவள் புகழவில்லை. கைம்பெண்ணுக்கு இடப்படும் நெய்யில்லாத சோறு, வேளைக் கீரை, பாயில்லாத படுக்கை இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைவிடத் தீயே மேல் என்கிறாள். வாழ்வை இந்த அளவுக்குக் குறைத்து வைத்துவிட்டு, அவள் தானாகத்தான் செத்தாள் என்று ஒரு சமூகம் சொல்லிக்கொள்ள முடியாது. தடுத்த சான்றோர் நல்லவர்களாக இருந்திருப்பார்கள்; ஆனால் தடுக்க வேண்டியது தீயை மட்டுமா? இந்தப் பாட்டைக் கற்பின் பெருமையாக மட்டும் படித்த உரைகள் பெருங்கோப்பெண்டு வைத்த குற்றச்சாட்டைக் காதில் வாங்கவே இல்லை.

காதில் வாங்கிய நூல் சாத்தனாரின் மணிமேகலை. கணவன் சாதுவன் கப்பலோடு மூழ்கினான் என்று கேள்விப்பட்டு ஆதிரை தீயில் புகுகிறாள். தீ சுடவில்லை. அவன் நாகர் மலையில் உயிரோடிருக்கிறான், சந்திரதத்தன் கப்பலில் வருவான் என்று ஒரு குரல் கேட்கிறது. அவள் வீடு திரும்பி அறம் செய்து வாழ்கிறாள். பின்னால் மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி வரும்போது முதல் பிச்சை இடுகிறவள் இந்த ஆதிரைதான். தீயிலிருந்து திரும்பியவள் கையால்தான் ஊரின் பசி தீரத் தொடங்க வேண்டும் என்று சாத்தனார் வைத்ததைத் தற்செயல் என்று சொல்வது கடினம்.

மணிமேகலையின் கதையில் அவர் இன்னும் துணிவாகச் செய்கிறார். முற்பிறவியில் அவள் இலக்குமி. கணவன் இராகுலன் நாகம் தீண்டி இறந்தபோது தீயில் புகுந்தவள். அதே இராகுலன் இப்பிறவியில் உதயகுமரனாக வந்து, காஞ்சனன் வாளால் வெட்டுண்டு இறக்கிறான். பழைய பாசம் எழுந்து அவள் அவன் உடலை நோக்கி ஓடும்போது, தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை தடுத்து நிறுத்துகிறது. ஒரே உயிர், ஒரே இழப்பு, இரண்டு பிறவி, இரண்டு முடிவு. இரண்டாவது பிறவியில் அவள் பிழைத்ததன் பயனை அடையும் ஊர் காஞ்சி. மழையின்றி வாடிய அந்நகரில் அவள் பாத்திரத்தைக் கொண்டு பல்லுயிர்க்கும் உணவு அளிக்கிறாள். காஞ்சியின் பஞ்சத்தைச் சொல்லும் காதை தொண்டை மண்டலம் முழுவதையும் மனத்தில் வைத்தே படிக்கத்தக்கது. மணிமங்கலமும் அந்த மண்ணில் உள்ள ஊர்தான்.

மாதவியையும் இங்கே சேர்க்க வேண்டும். கோவலன் இறந்த செய்தி கேட்டும் சாகாததற்கு நாணுகிறாள். கணவன் இறந்ததும் உயிர் விடும் பெண்டிர், தீப்புகுவோர், நோன்பிருப்போர் என்று பத்தினிப் பெண்டிரின் வகைகளை அவளே சொல்கிறாள். அந்த வகைகள் எதிலும் அடங்காதவளாகவே அறவண அடிகளிடம் அறம் கேட்டுத் துறவு பூண்டு வாழ்கிறாள். பட்டமோ நடுகல்லோ இல்லாத இந்த வாழ்வு, இறந்தவர்களுக்குக் கிடைத்த புகழுக்கு எந்த வகையிலும் குறைந்ததன்று.

மணிமங்கலம் நவீன நாவலுக்குள் வந்தது கல்கியின் சிவகாமியின் சபதத்தில். 1944 முதல் கல்கி இதழில் தொடராக வந்த அந்த நாவலில், மகேந்திர பல்லவர் படுகாயப்படும் களம் இது. ஆனால் சாவையும் காலத்தையும் பற்றிய கேள்வி சிவகாமியிடம்தான் குவிகிறது. புலிகேசியின் தலைநகர் வாதாபியில் சிறைப்பட்டிருப்பவளை மீட்க, மாமல்லர் என்னும் நரசிம்மவர்மர் மாறுவேடத்தில் வருகிறார். நகரத்தைக் கொளுத்தி அழைத்துப் போனால்தான் வருவேன் என்று அவள் மறுக்கிறாள். சபதம் நிறைவேற ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் மாமல்லர் பாண்டிய இளவரசியை மணந்து பிள்ளைகளும் பெற்றுவிடுகிறார். வாதாபி எரிந்தது, எரிந்தவர்களில் சிவகாமிக்குத் தீங்கு செய்தவர்கள் எத்தனை பேர்? தன் வாழ்வை ஒரு நாளுக்கு அடகு வைக்கிற உரிமை ஒருவருக்கு உண்டு. அந்த நாள் வரும்போது மற்றவர் உயிரைக் கொண்டு அடகை மீட்கிற உரிமை இல்லை. கடைசியில் சிவகாமி சாவைத் தேர்வதில்லை. ஏகாம்பரநாதர் சந்நிதியில் தன் ஆட்டத்தை ஒப்படைக்கிறாள். சபதத்தைவிட இதுதான் அவள் எடுத்த பெரிய முடிவு என்று தோன்றுகிறது. தலைப்பு அப்படிச் சொல்லவில்லை என்பது வேறு.

வாதாபிப் படையெடுப்பின் தளபதி பரஞ்சோதியே பின்னாளில் சிறுத்தொண்டரானார் என்பது பெரியபுராணம். மணிமங்கலத்துக்கு அக்கம்பக்கத்து ஊரான குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், சிறுத்தொண்டர் மகன் சீராளனை அரிந்து அடியாருக்குக் கறி சமைத்த கதையைச் சொல்லும்போது, பிள்ளை மகிழ்ந்து சிரித்ததாக ஒரு குறிப்பை வைக்கிறார். பிள்ளையின் இசைவு கேட்கப்படவில்லை என்ற உறுத்தல் கவிஞருக்கு இருந்திருக்கும் போலும். பக்தியின் உச்சமாகவே அக்கதையைப் படிப்பவர்களுக்கும் அந்தச் சிரிப்பு தேவைப்படுகிறது. தன் உயிரைக் கொடுப்பதும் பிறர் உயிரைக் கொடுப்பதும் ஒன்றாக முடியாது. இதே வட்டாரத்தில், 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில், தன் சாவைத் தேர்ந்துகொண்ட ஒருவர் ராஜீவ் காந்தியையும் அருகில் நின்ற பலரையும் சேர்த்துக் கொன்றார். அந்தப் பலரில் ஒருவரிடமும் யாரும் எதையும் கேட்கவில்லை.

பொத்தியாரிடமிருந்து எடுத்த அளவுகோலில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கடன் தீர்ந்தவர் போகலாம் என்பது, கடன் தீர்ந்தவர் போகட்டும் என்று மாற அதிக நாள் ஆகாது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், நிலம் பங்கு பிரித்தாயிற்று, இனிக் கிழவிக்கு என்ன வேலை? தென் மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று சொல்லப்படும் வழக்கம் இந்தக் கேள்வியில் பிறந்ததுதான். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, முதியவரைச் சாகவைப்பது. கொலை என்று யாரும் பெயர் சொல்வதில்லை. 2019-இல் வெளிவந்த கே.டி. என்கிற கருப்புதுரை படத்தில், படுத்த படுக்கையிலிருந்து கண் விழித்த முதியவர் தன் வீட்டார் இதைத் திட்டமிடுவதைக் கேட்டுவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். அவருக்கு முடிக்க வேண்டிய கடமை ஒன்றுமில்லை. ஆசைகள் இருந்தன, ஒரு சிறுவனின் துணையோடு அவற்றை ஒவ்வொன்றாக நிறைவேற்றிக்கொள்கிறார்.

இவருக்கு முன்னோடி புதுமைப்பித்தனின் காலனும் கிழவியும் சிறுகதையில் வரும் மருதாயி. எருமை மீதேறி வந்த எமனை அவள் பயந்து வரவேற்கவுமில்லை, தர்மம் பேசி எதிர்க்கவுமில்லை. வேலையில் கையை வைத்துக்கொண்டே வாயால் மடக்குகிறாள். உயிரை எடுத்துப் போகலாம், இந்த உடம்பைத் தூக்கிப் போக உனக்குத் திராணி உண்டா, இருந்ததை இல்லாமல் ஆக்க முடியுமா என்று போகிறது அவள் வாதம். எமன் தோற்றுத் திரும்புகிறான். சாவித்திரி கணவனுக்காக எமனோடு வழக்காடினாள். நசிகேதன் ஞானத்துக்காகக் கேட்டான். மருதாயிக்கு அப்படி ஒரு பெரிய காரணமும் கிடையாது. இருக்கிறாள், அவ்வளவுதான்.

ஆகவே கடன் என்ற அளவுகோல் ஒரு பக்கம் மட்டுமே செல்லும். சாக எண்ணுகிறவர் தன்னைக் கேட்டுக்கொள்ள அது உதவும். பொத்தியாரை உறையூருக்குத் திருப்பி அனுப்பியதுபோல, இருப்பவர் அவரைத் தடுத்து நிறுத்தவும் உதவும். வாழ எண்ணுகிறவரிடம் கணக்குக் கேட்க அது யாருக்கும் அதிகாரம் தருவதில்லை. சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் வந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்க வேண்டும் என்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம், மீளாத நோயில் செயற்கை உயிர்காப்பு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. எழுதிவைப்பவர் அந்த நோயாளியாகவே இருக்க வேண்டும், தெளிந்த மனத்தோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் என்பது அதில் முதல் நிபந்தனை.