கேட்காததும் இல்லாததும்

ஒன்று தென்படவில்லை என்பதாலேயே அது இல்லை என்று சொல்லிவிடலாமா? கடவுளைப் பற்றிய வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் வந்து முட்டுகின்றன. மணிமேகலையில் வைதிகவாதி அடுக்கும் அளவைகளில், இல்லாமையை அறியும் அபாவமும் ஒன்று. குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள் இதை அனுபலப்தி என்று தனிப் பிரமாணமாகவே ஏற்றார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். இருந்திருந்தால் தென்பட்டே தீரவேண்டிய பொருள் தென்படாதபோதுதான் அது இல்லை என்பது அறிவாகும். வெளிச்சமான அறையில் குடம் தெரியாவிட்டால் குடம் இல்லை. இருட்டறையில் தெரியாவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை. அந்த நிபந்தனையை எண்ணாக எழுதிக்காட்டும் இடம் ஹாம் ரேடியோக்காரரின் சோதனை மேசை.

அங்கே ரிசீவரிலிருந்து ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, சிக்னல் ஜெனரேட்டரை, சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் வழியாக இணைக்கிறார்கள். ரிசீவரின் சொந்த இரைச்சலை முதலில் அளந்துகொண்டு, சிக்னலை மெல்ல ஏற்றி, ஒலி வெளியீடு 3 டெசிபல் உயரும் இடத்தைக் குறிக்கிறார்கள். அந்த இடத்தில் சிக்னலின் திறனும் இரைச்சலின் திறனும் சமம். ஜான்சனும் நைக்விஸ்டும் 1928இல் விளக்கிய வெப்ப இரைச்சலால், 290 கெல்வினில், 500 ஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில், குறையே இல்லாத ரிசீவருக்கும் அந்த எல்லை மைனஸ் 147 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்). மேசையிலுள்ள ரிசீவர் மைனஸ் 135 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதன் மௌனத்துக்குப் பொருள் வந்துவிட்டது: அந்த அளவுக்கு மேல் எதுவும் வரவில்லை. அதற்குக் கீழே இருந்ததா இல்லையா என்பதற்கு இந்த ரிசீவர் சாட்சியல்ல.

ஜெனரேட்டரை அளந்தது யார் என்று கேட்கலாம். நியாயமான ஐயம். அதன் பெட்டியிலிருந்து சிக்னல் கசிந்து அட்டெனுவேட்டரைச் சுற்றிக்கொண்டு நுழைந்தால், ரிசீவர் தனக்கில்லாத கூர்மையைக் காட்டும். கேபிளைக் கழற்றிய பிறகும் ஒலி கேட்டால் அளவீடு செல்லாது. ஐயம் முடிவின்றி நீளலாம். ஆனாலும் ஒவ்வொரு படியிலும் அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. இதைவிட வலுவான மறுப்பு, மேசை வேறு வானம் வேறு என்பது. 7 மெகாஹெர்ட்ஸில் மின்னலும் மின்சாதனங்களும் எழுப்பும் இரைச்சல் ரிசீவரின் சொந்த இரைச்சலை மூழ்கடித்துவிடும். மேசையில் பெற்ற தகுதி அங்கே போதாது. ஏற்கிறேன். இதனால் நிபந்தனை உடையவில்லை, இன்னும் கடுமையாகிறது. மீமாம்சகர்கள் கண்ணோடு வெளிச்சத்தையும் சேர்த்துத்தான் கேட்டார்கள்.

கடவுள் எந்தக் கருவிக்கும் அகப்படாதவர் என்றால், கருவியின் மௌனத்தை நாத்திகர் சான்றாகக் காட்ட முடியாது. ஆனால் அதே வாதத்தால், பலித்த வேண்டுதலைச் சான்றாகக் காட்டும் உரிமையைப் பக்தரும் இழக்கிறார். பலித்ததைக் கணக்கில் எழுதுபவர், எது நடக்காவிட்டால் தம் கூற்றைக் கைவிடுவார் என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். பலனே கேட்காமல் வணங்குபவரிடம் இந்த அளவுகோலை நீட்டுவதில் பொருளில்லை. அவர் எதையும் கேட்டதாகச் சொல்லவில்லை.