ஒரே கிண்ணம்

நண்பர் ஒருவர் அழைத்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போயிருந்தேன். அன்று இராப்போஜன ஆராதனை. நான் கிறிஸ்தவனல்லன்; கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டு அணிந்த ஒரு கனவானும் தெருப் பெருக்கும் ஓர் அம்மாளும் அருகருகே மண்டியிட்டார்கள். அந்த அம்மாள் குடித்ததும் பாதிரியார் கிண்ணத்தின் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்துக் கனவானிடம் நீட்டினார். அவர் இடத்தில் நான் இருந்தால் குடித்திருப்பேனா?

இந்தச் சங்கடம் பழையது. ஆதி நாளில் இது நிஜமான விருந்தாகவே இருந்தது. கொரிந்து நகரத்துச் சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு வயிறார உண்டார்கள், ஏழைகள் பசித்திருந்தார்கள். அது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று, கி.பி. 55ஐ ஒட்டி எழுதிய கடிதத்தில் பவுல் கடிந்துகொண்டார்.

பிற்காலத்தார் வேறு கேள்வியில் மூழ்கினார்கள். அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்று 1215-இல் லாத்தரன் சங்கம் அறுதியிட்டது. 1529-இல் மார்புர்க் நகரில் லூதரும் ஸ்விங்ளியும் கூடிப் பேசினார்கள். 15 விஷயங்களில் 14-இல் ஒத்துப்போனவர்கள், இந்த அப்பத்தில் வந்து பிரிந்தார்கள். இதற்கிடையே 1415-இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் கிண்ணம் குருமாருக்கு மட்டுமே என்று விதித்தது. அதே ஊரில், அதே ஆண்டில், ஜான் ஹஸ் எரிக்கப்பட்டார். அவரைப் பின்பற்றிய போஹீமியர்கள் கிண்ணத்தையே கொடிச் சின்னமாக்கிப் போராடினார்கள்.

கிண்ணத்தில் இருப்பது என்ன என்பது பண்டிதர்களின் கேள்வி. அடுத்துக் குடிப்பவர் யார் என்பதே பவுலின் கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. நம் நாட்டிலும் அது எழுந்தது. சாதிப்படி தனித்தனியே உட்கார்ந்து, முன்பின்னாக நற்கருணை பெற்ற தமிழ்ச் சபைகளில் அந்த வேற்றுமை ஒழிய வேண்டும் என்று 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் கட்டளையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள்.

அவர்களைப் பழிக்க எனக்கு யோக்கியதை இல்லை. வீடு திரும்பியதும் கொல்லைப்புற ஜன்னலைப் பார்த்தேன். வேலைக்காரம்மாளின் டம்ளர் வழக்கம்போல் அங்கே கவிழ்ந்திருந்தது. எந்தச் சங்கமும் கூடாமல், எந்தச் சட்டமும் எழுதாமல் நாங்கள் விதித்த விதி அது.

மறுநாள் எங்கள் டம்ளரில் அவளுக்குக் காப்பி கொடுத்தேன். வாங்கத் தயங்கினாள். மாலையில் அதே டம்ளரில் எனக்குக் காப்பி வந்தது. ஒரு கணம் நானும் தயங்கினேன்; மறைப்பானேன்? பிறகு குடித்தேன்.